கொக்காவிலா, வானமா: வன்னி வீட்டுக்கு மாதக் காசில்லாத ரிவி

மாதாமாதம் ரீலோட் போடாமல் ரிவி பார்க்க வன்னியில் பெறுமதியான வழி இரண்டுதான். பைப் நட்டு அன்ரனா கட்டி, கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வருகிற இலங்கைச் சனல்களைத் தரையலையில் எடுக்கலாம். அல்லது ஒரு டிஷ்ஷை இந்தியாவின் மாதக் காசில்லாத செய்மதிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் திருப்பிவிடலாம். இரண்டுக்கும் ஒருமுறைச் செலவு, பிறகு கரண்ட் காசு மட்டும். எதை எடுப்பதென்று கடைக்காரரின் வாய்ப்பேச்சை வைத்தோ பெட்டியில் அடித்திருக்கிற படத்தை வைத்தோ முடிவெடுக்க வேண்டாம். வளவில் நின்று கொக்காவில் திசையைப் பார்த்தால் வயல்வெளி தெரிகிறதா, காடு தெரிகிறதா என்பது பாதி விடை. வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பது மற்றப் பாதி.

தூரம் அல்ல, மரம்

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் நிற்கிற கொக்காவில் கோபுரம் 174 மீற்றர் உயரம். அங்கிருந்த பழைய கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. இப்போதுள்ளது 2011 ஜூனில் திறக்கப்பட்டது. நேர்கோட்டில் பார்த்தால் கிளிநொச்சி நகரமும் மாங்குளமும் ஏறத்தாழ 15 கி.மீ., மல்லாவி 18, ஒட்டுசுட்டான் 30, பூநகரி 35, முல்லைத்தீவு 45, வவுனியா 55, மன்னார் 60க்குச் சற்று மேல்.

அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் உங்கள் அன்ரனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீற்றரில் எடுத்துக் கூட்டி, 4.12ஆல் பெருக்க வேண்டும். 174க்கு 13.2. 20 அடிப் பைப்புக்கு, அதாவது 6 மீற்றருக்கு, 2.45. விடை 64 கி.மீ. பைப்பை 35 அடியாக்கினால் 68 கி.மீ. கோபுரத்தின் உச்சியிலேயே எல்லாச் சனலின் அன்ரனாவும் இல்லை என்பதால் இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறைத்தாலும் வன்னியில் அனேக இடம் கணக்குக்குள் வந்துவிடும். உயரத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியும் தூரம் 4 கி.மீ.தானே கூடுகிறது, பிறகு ஏன் எல்லோரும் உயர்த்தச் சொல்கிறார்கள்? மரத்துக்காகத்தான்.

பாலை, முதிரை, தேக்கு என்று அடர்ந்த காடு ஒன்று வீட்டுக்கு முன்னால் இருந்தால், பல ரிவிச் சனல்கள் வருகிற யூ.எச்.எஃப் அலையை அது உறிஞ்சிவிடும். ஈர இலை இன்னும் மோசம். தேக்குத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வீடுகளில், இலை உதிர்ந்து நிற்கிற காலத்தில் படம் தெளிவாக வந்து, தளிர் விட்டதும் புள்ளி விழத் தொடங்கும். அன்ரனா பழுதென்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்குகிறவர்கள் உண்டு. பழுது மரத்தில். அன்ரனா மரத்தலைக்கு மேலே எழும்ப வேண்டும், அல்லது மரத்திலிருந்து விலகிப் பின்னால் போக வேண்டும். மரம் வளவு எல்லையில் இருந்தால் அன்ரனாவை அதற்கு நேர் பின்னால் ஒட்டி நடாமல் வளவின் மறு கோடியில் நட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்த 20 மீற்றர் விலகல், ஒரு பைப் நீளத்தைவிடக் கூடப் பலன் தரும்.

பூநகரி வயல்கரை, மன்னார்க் கரையோர வெளி, நந்திக்கடல் ஓரம் போன்ற திறந்த இடங்களில் 35, 45 கி.மீ. தூரத்துக்கும் ஒற்றைப் பைப் காணும். கொக்காவிலுக்கு 20 கி.மீ.க்குள் காட்டு ஓரமாக இருக்கிற வீடு அதைவிடச் சிரமப்படலாம்.

கம்பியைப் பார்த்து அன்ரனா வாங்குவது

இலங்கைத் தரையலை ரிவி இன்னும் அனலொக், பால் (PAL) பி/ஜி முறை. சனல்கள் வி.எச்.எஃப் மூன்றாம் பட்டை (174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ்), யூ.எச்.எஃப் (470 முதல் மேலே) என்ற இரண்டிலும் வருகின்றன. எந்தக் கடையிலும் பெட்டியை வாசிக்காமலே எதற்கான அன்ரனா என்று சொல்லலாம். குறுக்குக் கம்பி 65 முதல் 80 செ.மீ. வரை இருந்தால் அது வி.எச்.எஃப். ஒரு சாண், ஒன்றரைச் சாண் என்று 17 முதல் 32 செ.மீ.க்குள் இருந்தால் யூ.எச்.எஃப். ஒரே தண்டில் இரண்டு அளவும் இருந்தால் கூட்டு அன்ரனா. வாங்குமுன் அயல் வீட்டு அன்ரனாக்களைப் பாருங்கள்: எந்த அளவுக் கம்பி, எந்தத் திசை, கம்பிகள் படுக்கையாகவா நிமிர்ந்தா. அவர்கள் வீட்டில் நேத்ரா, வசந்தம், சக்தி மூன்றும் எப்படி வருகின்றன என்று ஒரு பின்னேரம் போய்ப் பார்ப்பது எந்தக் கருவியையும் விட நல்ல சோதனை. ஒவ்வொரு ஒலிபரப்பாளரின் மின்திறனும் வேறு. ஒன்று கண்ணாடி போல வருவதால் மற்றதும் வரும் என்று எண்ண முடியாது.

கம்பி எண்ணிக்கை கூடக் கூட அன்ரனா கூர்மையாகிறது, அதாவது திசை சிறிது பிசகினாலும் படம் போய்விடும். 20 கி.மீ.க்குள் 8, 10 கம்பி யூ.எச்.எஃப் தாராளம். 40 கி.மீ.க்கு மேல் 18 கம்பிக்குக் குறையாமல் எடுங்கள். அதற்கு மேல் கூடுகிற காசை அன்ரனாவில் போடாமல் பைப்பில் போடுவது நல்லது. ‘எச்.டி.’, ‘டிஜிட்டல்’, ‘300 கி.மீ. வரை’ என்று அச்சடித்து ஒன்லைனில் விற்கிற மெல்லிய தட்டை அன்ரனாக்களைத் தொடவே வேண்டாம். தகரக் கூரை வீட்டுக்குள் எந்த அன்ரனாவும் வேலை செய்யாது. ஓட்டு வீட்டில், கோபுரத்துக்கு 10 கி.மீ.க்குள் இருந்தால் மட்டும் யன்னலோரம் ஒருவாறு சமாளிக்கும்.

பைப்: காசு போக வேண்டிய இடம்

ஒற்றைப் பைப்புக்கு 1½ அங்குல ஜி.ஐ. பைப், 20 அடி. 2½ அடி நிலத்துக்குள் கொங்கிறீற்றில் இறக்கி, முகட்டுச் சுவரில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால் இழுகம்பி இல்லாமலே சோளகக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். கிளாம்ப் இரண்டுக்கும் இடையில் ஒரு முழமாவது இருக்க வேண்டும். கிட்டக்கிட்டப் போட்டால் பைப் ஆடி சீமெந்துப் பூச்சு வெடிக்கும்.

இரட்டைப் பைப் வேறு வேலை. கீழே 2 அங்குலம், மேலே 1½ அங்குலம் எடுத்து, மேற்பைப்பை 2½ அடி உள்ளே இறக்கி, இரண்டு போல்ட் ஊடுருவிப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். அதில் தகரத் துண்டு சுற்றி அடைக்காவிட்டால் காற்றுக்குக் கிளிக் கிளிக் என்று ஆடி, ஒரு வருடத்தில் போல்ட் துளையே பெரிதாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்று போனதும் நிலத்துக்குள் போனதும் கழிய, நிலத்துக்கு மேல் 35 அடி மிஞ்சும். இழுகம்பி கட்டாயம்: 18 அடியிலும் 33 அடியிலும் மும்மூன்று, சம கோணத்தில். நிலத்தில் முளை பைப் அடியிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். கட்டிடக்காரரின் கட்டுக்கம்பி இதற்கு உதவாது, 10 அல்லது 12 கேஜ் ஜி.ஐ. கம்பி வேண்டும். நைலோன் கயிறு வெயிலில் இற்று, சரியாக மழைக்காலத்தில் அறும்.

இரண்டு பைப்பும் சேர்ந்து 50 கிலோ வரும். நிமிர்த்த நாலு பேர் வேண்டும். அதைவிட முக்கியம், பைப் எந்தப் பக்கம் விழுந்தாலும் கரண்ட் கம்பியில் படாத தூரம். 35 அடிப் பைப்புக்கு 50 அடி விலகல் இல்லையென்றால் இரட்டைப் பைப்பை மறந்துவிடுங்கள்.

பனையிலோ தென்னையிலோ கட்டினால் செலவில்லை என்று பலர் கட்டுகிறார்கள். மரம் காற்றுக்கு ஒரு பாகை இரண்டு பாகை திரும்பும்போது படமும் வந்து வந்து போகும். ஏறி இறங்குவதும் ஆபத்து. குரங்குத் தொல்லை உள்ள வளவில் மரத்தோடு ஒட்டிய பைப்பே கூடாது. பாய்ந்து தொங்கினால் அலுமினியக் கம்பி வளைந்து போகும். தனித்து நிற்கிற வழுவழுப்பான ஜி.ஐ. பைப்பில் அவற்றுக்கு ஆர்வம் குறைவு. மயிலுக்கு அப்படியில்லை, அது பறந்து வந்தே இருக்கும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல். பைப் அடியிலிருந்து செப்புக் கம்பி எடுத்து 5 அடிச் செப்புக் கோலொன்றில் நிலத்தொடுப்புக் கொடுங்கள். அது இருந்தாலும் முழக்கம் கேட்டதும் அன்ரனா கேபிளை ரிவியிலிருந்து கழற்றுவதுதான் ரிவியைக் காக்கும். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.

கேபிளும் பூஸ்டரும்

75 ஓம் ஆர்.ஜி.6 கேபிள் எடுங்கள். 30 மீற்றரில் வி.எச்.எஃப் சனலுக்கு ஏறத்தாழ 3 டெசிபல், யூ.எச்.எஃப் மேல் சனல்களுக்கு 6 டெசிபல் வரை கரையும். 3 டெசிபல் என்றால் வந்த அலையில் பாதி. மெல்லிய மலிவுக் கேபிளில் இதைவிட மோசம். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள்.

அதிகம் பழுதாகிற இடம் கேபிளின் இரண்டு முனைகள். எஃப் கனெக்டர் போடும்போது வெள்ளை உறை கனெக்டரின் உள் அடியோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. மட்டும் நீள வேண்டும். வலைக்கம்பியின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், படம் பூச்சியாகிவிடும், பூஸ்டர் (அலையைப் பெருக்குகிற கருவி) இருந்தால் அதற்குக் கரண்டே போகாது. மேலே அன்ரனாப் பெட்டியின் வாய் நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும், கேபிள் உள்ளே நுழையுமுன் ஒரு தொங்கல் வளைவு விட வேண்டும். இல்லாவிட்டால் மாரி மழை கேபிளுக்குள்ளேயே இறங்கி ரிவி வரை வரும். பெட்டிக்குள் குளவி கூடு கட்டுவதும் வழக்கம். கடற்கரைப் பக்கம் என்றால் திருகாணிகளில் கிறீஸ் பூசி, ரப்பர் ரேப் சுற்றிவிடுங்கள். உப்புக் காற்று இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் திருகைத் தின்றுவிடும்.

பூஸ்டர் வாங்கத் துடிக்கிறவர்களுக்கு: ரிவிக்குப் பின்னால் வைக்கிற பூஸ்டர் புள்ளியையும் சேர்த்துத்தான் பெருக்கும். பூஸ்டர் பைப் உச்சியில், அன்ரனாவுக்கு ஒரு மீற்றருக்குள் இருக்க வேண்டும். அதற்கான கரண்ட் வீட்டுக்குள் இருக்கிற சிறு பெட்டியிலிருந்து அதே கேபிளில் மேலே போகும். அந்தப் பெட்டிக்கும் பூஸ்டருக்கும் இடையில், ஒரு கேபிளை இரண்டு ரிவிக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டரைப் போட்டால் பெரும்பாலானவை கரண்டை மறித்துவிடும். ஆகவே ஸ்பிளிட்டர் எப்போதும் பெட்டிக்குப் பிறகு. கொக்காவிலுக்கு 10 கி.மீ.க்குள் பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அலை அளவுக்கு மிஞ்சி ஒரு சனலுக்குள் இன்னொன்று நிழலாடும்.

திருப்புவதும் நோய் பார்ப்பதும்

திசையைப் பகல் நேரத்தில் பிடியுங்கள். அதிகாலையிலும் இரவிலும், முக்கியமாக மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில், அலை வழக்கத்துக்கு மாறாகத் தூரம் பாயும். அந்த நேரம் சரிபார்த்து இறுக்கினால் மறுநாள் மத்தியானம் ஏமாற்றம்தான். ஒருவர் பைப்படியில், ஒருவர் ரிவியடியில், இடையில் போன். நன்றாக வருகிற சனலை வைத்துத் திருப்பாமல் மிகப் பலவீனமானதை வைத்துத் திருப்ப வேண்டும்.

முழுப் படத்திலும் வெள்ளைப் புள்ளி என்றால் அலை போதாது: உயரம், மரம், கேபிள் முனை என்ற வரிசையில் பாருங்கள். உருவத்துக்கு அருகே இன்னொரு உருவம் நிழலாகத் தெரிந்தால் அலை எங்கோ தெறித்தும் வருகிறது. தண்ணீர்த் தாங்கி, தகரக் கூரை, போன் கோபுரம் ஏதாவது அருகிலிருக்கும். இதற்குப் பூஸ்டர் மருந்தல்ல, அன்ரனாவை ஒன்றிரண்டு மீற்றர் நகர்த்துவதுதான் மருந்து. சாய்ந்த கோடுகள் ஓடினால் மலிவு எல்.ஈ.டி. பல்பையோ போன் சார்ஜரையோ ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய ரிவியில் தனிச் சிக்கல். கனடாவிலிருந்து வந்தது பெரும்பாலும் வட அமெரிக்க முறை. எவ்வளவு நல்ல அன்ரனா போட்டாலும் ஸ்கான் வெறுமையாக முடியும். லண்டன் ரிவியில் படம் வந்து சத்தம் வராமல் இருந்தால் மெனுவில் ஒலி முறையை ஐ-யிலிருந்து பி/ஜி-க்கு மாற்றுங்கள். அந்தத் தெரிவே இல்லாத ரிவிகளும் உண்டு.

டிஷ்: காட்டு வளவின் நண்பன்

தரையலை அன்ரனா காட்டுக்கு ஊடாகக் கிடையாகப் பார்க்கிறது. டிஷ் அண்ணாந்து பார்க்கிறது. இரண்டுக்குமான முழு வேறுபாடும் இதில் அடங்கும். டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செய்மதி கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. வன்னியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக 123 முதல் 125 பாகை, நிலத்திலிருந்து 71 பாகை உயரம். கிட்டத்தட்டத் தலைக்கு மேல். 10 மீற்றர் உயர மரம் டிஷ்ஷிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்றாலே மறைக்காது. முற்றத்தில் ஐந்தடிப் பைப் போதும், நாலு பேர் வேண்டாம், மின்னல் பயமும் குறைவு.

60 செ.மீ. டிஷ்ஷில் படம் வரும், மழைக்குத் தாக்குப்பிடிக்க 75 அல்லது 90 எடுப்பது புத்தி. எல்.என்.பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்குகிற தலை, யூனிவர்சல் வகையாக இருக்கட்டும், டிஷ் பெட்டியின் அமைப்பில் 9750/10600. பலர் தடுமாறுவது எல்.என்.பி-யின் சரிவில். நேராக நிறுத்தினால் பாதிச் சனல் வராது. டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக 50 பாகைக்குச் சற்று மேல் திருப்பி, பெட்டியின் தரக் கோடு உச்சிக்கு வருகிற இடத்தில் இறுக்குங்கள். பைப் தூக்குக்குண்டு போல நேராக நிற்காவிட்டால் இந்தப் பாகைக் கணக்கு எதுவும் பலிக்காது. நீர்மட்டம் வைத்துப் பார்த்த பிறகே டிஷ்ஷைத் தொடுங்கள்.

ரீலோட் போடாமல் கிடக்கிற டயலொக் டிஷ் வீட்டில் இருந்தால் அதையே திருப்பலாம். அது மேற்குத் திசையில் ஏறத்தாழ 48 பாகை உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டு அதேதான், எல்.என்.பி-யை மட்டும் மாற்றினால் செலவு பாதியாகும்.

ஆனால் டிஷ்ஷில் என்ன வரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இந்திய நிகழ்ச்சிகள், அதிலும் ஹிந்தி மிக அதிகம். தமிழுக்கு டிடி தமிழும் வேறு சிலவும், அவை காலத்துக்குக் காலம் மாறும். இலங்கைச் செய்தி இல்லை. பெருமழையில் படம் உறைந்து ‘சிக்னல் இல்லை’ என்று நிற்கும். மாரி காலத்தில் புயல் எங்கே வருகிறது, எந்தக் குளத்தின் வான்கதவு திறக்கிறது என்று தெரிய வேண்டிய இரவில் டிஷ் கைவிடும், அன்ரனா புள்ளியோடாவது பேசும். பாட்டி செய்தி கேட்கிற வீட்டுக்கு அன்ரனா, பிள்ளைகள் படமும் பாட்டும் பார்க்கிற வீட்டுக்கு டிஷ் என்று பொதுவாகச் சொல்லலாம்.

சோலாரில் ஓடுகிற வீடுகளுக்கு அன்ரனாவில் ஒரு சிறு ஆதாயம்: பெட்டி தேவையில்லை. 24 அங்குல 12 வோல்ட் ரிவி 30 வாட், டிஷ் பெட்டி இன்னும் 10 வாட். மூன்று மணி நேரத்துக்குப் பெட்டியோடு 10 அம்பியர்-மணி, பெட்டியில்லாமல் ஏழரை.

போனில் பார்ப்பதை இலவசம் என்று சேர்க்க முடியாது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் அரை ஜிபிக்கு மேல் தின்னும். நாலு பேர் உள்ள வீட்டில் மாத முடிவில் ரீலோட் டிஷ்ஷே மலிவாகப் போய்விடும்.

யாருக்கு எது

கிளிநொச்சி, கரடிப்போக்கு, மாங்குளம், மல்லாவிப் பக்கம் ஒற்றைப் பைப், சிறு அன்ரனா, பூஸ்டர் இல்லை. டிஷ் பிறகு பார்க்கலாம். பூநகரிக்கும் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுத் திறந்த வெளிகளுக்கும் ஒற்றைப் பைப்பில் நீளக் கம்பி அன்ரனா, தேவைப்பட்டால் உச்சிப் பூஸ்டர். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டோரங்களில் முதலில் யாரிடமாவது அன்ரனா இரவல் வாங்கி, மூங்கிலில் கட்டி, வளவு முழுக்க நடந்து பாருங்கள். எந்த மூலையிலும் இரண்டு சனல்கூட ஒழுங்காக வரவில்லையென்றால் இரட்டைப் பைப்பில் காசைக் கொட்டாமல் டிஷ்ஷுக்குப் போங்கள். வவுனியாவும் மன்னாரும் எல்லைக்கோடு. அங்கே அயல் வீட்டு ரிவி சொல்வதே தீர்ப்பு. மதில் கட்டிய நகர வளவில் இரட்டைப் பைப்புக்கு இழுகம்பி போட இடமும் இருக்காது.

இரண்டையும் போடுகிறவர்களுக்கு இணைப்புச் சிக்கல் இல்லை. அன்ரனா கேபிள் ரிவியின் அன்ரனாத் துளைக்கு, டிஷ் பெட்டி எச்.டி.எம்.ஐ.க்கு. றிமோட்டில் சோர்ஸ் மாற்றினால் சரி.

தரையலை டிஜிட்டலுக்கு மாறும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது. இலங்கை அதற்கு 2014இல் ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி-ரி-யைத் தெரிவு செய்தது. மாறுகிற நாளில் இன்று நட்ட பைப்பும் கேபிளும் யூ.எச்.எஃப் அன்ரனாவும் அப்படியே உதவும், பெட்டி மட்டும் புதிதாக வேண்டும். இப்போது யாராவது ‘டிஜிட்டல் பெட்டி’ என்று டி.வி.பி-ரி2 பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது வேறு முறை, ஐ.எஸ்.டி.பி-ரி வந்தாலும் அதில் ஓடாது.